தன்னம்பிக்கை வகுப்புக்குப் பணம் கட்டும் முன்: ஒசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி நிலவரம்

ஒசூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியோ, கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கமோ, தர்மபுரி நேதாஜி பைபாஸ் சாலையிலோ நடந்தால் இந்த போர்டுகள் கண்ணில் படாமல் இருக்காது. மேலே பெரிய எழுத்தில் 'ஸ்போக்கன் இங்கிலீஷ்'. அதற்குக் கீழே சின்னதாக 'பர்சனாலிட்டி டெவலப்மென்ட், இன்டர்வியூ டிரெய்னிங், மேடை பயம் நீக்கம்'. சேருகிறவர்களில் கல்லூரிப் பிள்ளைகள் பாதி. மீதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள்: சிப்காட்டில் ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துச் சேர்ந்தவர்கள், ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் இருப்பவர்கள், ஜவுளிக்கடை சேல்ஸில் நிற்பவர்கள், தனியார் பள்ளி ஆசிரியைகள். வேலை நன்றாகவே தெரியும். மீட்டிங்கில் வாய் திறக்க வரவில்லை என்பதுதான் அவர்கள் சொல்லும் குறை.

இங்கே எந்த நிலையத்தின் பெயரும் வராது. ஆசிரியர் மாறினால் அதே போர்டுக்குக் கீழே வேறு வகுப்பு நடக்கும். பெயரைப் பார்த்துச் சேர்ந்து பயனில்லை. வகுப்பு எந்த வகை என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு பேட்ச்சில் 12 பேருக்கு மேல் சேர்க்காமல், ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொருவரையும் நாலைந்து நிமிடமாவது பேச வைக்கும் இடமாக இருந்தால் காசு கொடுக்கலாம். கல்யாண மண்டபத்தில் நடக்கும் ஒருநாள் கருத்தரங்கு வேண்டாம். கையில் இருக்கும் போனின் வாய்ஸ் ரெக்கார்டரை இரண்டு வாரம் ஒழுங்காகப் பயன்படுத்திப் பார்க்காமல் எங்கேயும் பணம் கட்ட வேண்டாம்.

ஏன் என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-ல் வெளியிட்ட கட்டுரையில், 'இந்தக் காரியம் என்னால் ஆகும்' என்ற எண்ணம் ஒருவருக்கு நான்கு வழிகளில் வருவதாகச் சொன்னார். தானே செய்து முடித்த அனுபவம் முதலாவது. தன்னைப் போன்ற இன்னொருவர் செய்து முடிப்பதைப் பார்ப்பது இரண்டாவது. பிறர் 'உன்னால் முடியும்' என்று சொல்லிக் கேட்பது மூன்றாவது. நெஞ்சு படபடப்பு, கை வியர்ப்பது போன்ற உடம்பின் அறிகுறிகளை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது நான்காவது. இவற்றில் வலுவானது முதலாவது. மூன்றாவது வழியில் வந்த நம்பிக்கை, காரியத்தில் இறங்கி ஒருமுறை சறுக்கினாலே கரைந்துவிடும்.

கருத்தரங்குகள் விற்பது அந்த மூன்றாவதை மட்டும்தான். பெரிய ஸ்பீக்கர், பாட்டு, எல்லாரும் எழுந்து நின்று 'நான் ஜெயிப்பேன்' என்று கத்துவது, பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிப்பது. ஞாயிறு சாயங்காலம் வரை நன்றாகத்தான் இருக்கும். திங்கள் காலை ஆறு மணி ஷிப்டில் லைன் நின்று, மேனேஜர் 'யார் பார்த்தது?' என்று கேட்கும்போது என்ன சொல்வது என்று அங்கே யாரும் கற்றுத்தந்திருக்க மாட்டார்கள். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

வாரத்தில் மூன்று நாள் நடக்கும் பேட்ச் வகுப்புகளைத்தான் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு உதாரணம். கட்டணம் 6,000 ரூபாய், 8 வாரம், வாரம் 3 வகுப்பு, ஒவ்வொன்றும் 90 நிமிடம், பேட்ச்சில் 30 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் 50 நிமிடம் பேசினால் மீதி 40 நிமிடம். அதை 30 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1 நிமிடம் 20 விநாடி. 24 வகுப்புக்கும் சேர்த்து 32 நிமிடம். அதாவது உங்கள் வாய் திறந்திருக்கும் ஒரு நிமிடத்துக்கு 187 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறீர்கள். இதையே 12 பேர் பேட்ச்சில், ஆசிரியர் 30 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளும் இடத்தில் போட்டுப் பாருங்கள். மீதி 60 நிமிடம், ஆளுக்கு 5, மொத்தம் 120 நிமிடம். கட்டணம் 9,000 என்றாலும் நிமிடத்துக்கு 75 ரூபாய்தான். மலிவாகத் தெரிகிற வகுப்பு பல நேரம் மலிவே இல்லை.

ஷிப்டுக்காரர்களுக்குக் கணக்கு இன்னும் மோசமாகும். வாரம் ஒரு ஷிப்ட் சுழற்சியில் இருப்பவருக்கு மூன்று வாரத்தில் ஒரு வாரம் மதியம் 2 முதல் இரவு 10 வரை வேலை. மாலை 6.30 வகுப்பு அந்த வாரம் முழுக்கப் போய்விடும். 24-ல் ஏறக்குறைய 8 வகுப்பு அவுட். முதல் உதாரணத்தில் இருந்த 32 நிமிடம் 21 நிமிடமாகச் சுருங்கும். அதனால் சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி: 'செகண்ட் ஷிப்ட் வாரத்துல காலை பேட்ச்ல வந்து உக்காரலாமா?' வாய்ச்சொல்லாக 'அதெல்லாம் பாத்துக்கலாம் சார்' என்று பதில் வந்தால் அது பதிலே இல்லை. ரசீதின் பின்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். நைட் ஷிப்ட் வாரத்தில் 6.30 வகுப்புக்கு வர முடியும். ஆனால் கம்பெனி பஸ் ஒன்பது மணி வாக்கில் வந்துவிடும். சாப்பாடு, குளியல் எல்லாம் அதற்குள் முடிய வேண்டும் என்பதால் பலர் இரண்டாவது வாரமே நின்றுவிடுகிறார்கள். சரியாகத் தூங்காத உடம்போடு உட்கார்ந்து எதையும் கற்கவும் முடியாது. சுழற்சி ஷிப்டில் இருப்பவருக்கு ஞாயிறு காலை மூன்று மணி நேர வகுப்புதான் சரி. வாரம் ஒருமுறை போதுமா என்று தயங்க வேண்டாம். நடுவில் வீட்டுப் பயிற்சி இருந்தால் போதும்.

டெமோ வகுப்பை எப்படிப் பார்ப்பது

டெமோ இலவசம்தான். போனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டு, ஒரு துண்டுத்தாளில் நான்கு எண்களைக் குறியுங்கள்: உட்கார்ந்திருப்பவர்கள் எத்தனை பேர், ஆசிரியர் மொத்தம் எத்தனை நிமிடம் பேசினார், மாணவர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள், அவர்களில் அதிக நேரம் பேசியவர் எவ்வளவு நேரம் பேசினார். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பேர் மட்டும் பேசியிருந்தால் அந்த மூவருக்குத்தான் வகுப்பு நடக்கிறது.

ஆனால் டெமோவுக்கு நிலையத்தின் சிறந்த ஆசிரியரைத்தான் நிறுத்துவார்கள். 'எங்க பேட்ச்ச கடைசி வரைக்கும் நீங்களே எடுப்பீங்களா சார்?' என்று நேராகக் கேளுங்கள். அதைவிட நல்ல சோதனை, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பேட்ச்சின் நான்காவது அல்லது ஐந்தாவது வாரத்தில் அரை மணி நேரம் பின்வரிசையில் உட்கார அனுமதி கேட்பது. முதல் வார உற்சாகம் எங்கேயும் இருக்கும். ஐந்தாவது வாரத்தில் பாதிப் பேர் வருவதில்லை என்றால் விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். பார்க்கவே விடமாட்டோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

பேட்ச்சில் யார் யார் என்பதும் முக்கியம். பண்டூரா சொன்ன இரண்டாவது வழி இங்கேதான் வருகிறது. பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள் நடுவே ஆறு வருஷம் மெஷினில் நின்ற ஆபரேட்டரை உட்காரவைத்தால், அவர்கள் ஆங்கிலத்தைக் கேட்டு அவர் இன்னும் சுருங்குவார். அதே ஐ.டி.ஐ. படித்து இப்போது டீம் லீடராக இருக்கும் ஒரு பழைய மாணவர் வந்து பத்து நிமிடம் பேசினால், டி.வி. புகழ் பேச்சாளர் வருவதைவிட அதிகம் ஒட்டும். 'அவனால ஆச்சுன்னா நம்மாலயும் ஆகும்' என்று தோன்ற, அவன் நம்மைப் போல இருக்க வேண்டும்.

பாடத்தில் என்ன இருக்க வேண்டும்

பெரும்பாலான இடங்களில் முதல் இரண்டு வாரமும் செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன்தான். பெயர், ஊர், அப்பா பெயர், பொழுதுபோக்கு, பலம், பலவீனம் என்று பன்னிரண்டு வரி மனப்பாடம். இன்டர்வியூவுக்கு அது உதவும். வேலையில் சேர்ந்த மறுநாளிலிருந்து அதை யாரும் கேட்பதில்லை. வேலையிடத்தில் தினமும் தேவைப்படுவது வேறு: ஷிப்ட் மாற்றும்போது ஒரு நிமிடத்தில் நிலவரம் சொல்வது, கோளாறை மேலதிகாரியிடம் கொண்டுபோவது, புரியாததைத் திரும்பக் கேட்பது, முடியாததை முடியாது என்று சொல்வது, காலை மீட்டிங்கில் நேற்றைய எண்ணிக்கையை இரண்டு நிமிடத்தில் சொல்வது, அப்ரைசலில் (ஆண்டு வேலை மதிப்பீட்டில்) தன் வேலையைத் தானே எடுத்துச் சொல்வது. பாடத்திட்டத்தாளை வாங்கிப் பாருங்கள். இந்த ஆறில் குறைந்தது மூன்று இல்லையென்றால் அது இன்டர்வியூ வகுப்பு. வேலையில் இருப்பவருக்கானது இல்லை.

கோளாறு சொல்வதையே எடுத்துக்கொள்வோம், அதிகம் பேர் தடுமாறுவது இங்கேதான். பழக்கமில்லாதவர் காரணத்தில் தொடங்குவார்: 'சார், காலைல இருந்தே அந்த மெஷின் ஒரு மாதிரிதான் சார் இருந்துச்சு, மெயின்டனன்ஸ்ல சொன்னேன், அவங்க வரல...' கேட்பவர் காதில் இது சாக்காகத்தான் விழும். பத்தாவது விநாடியில் 'இப்ப என்னங்கறே?' என்று வெட்டுவார். வெட்டியதும் சொல்ல வந்தது மறந்துபோகும். அடுத்த முறை சொல்லவே தோன்றாது. 'எனக்குத் தைரியம் இல்லை' என்று அவர் நினைத்துக்கொள்வதில் பாதி, வரிசை தெரியாததால் வந்த வினை.

வரிசை இதுதான்: எங்கே, எவ்வளவு, நான் என்ன செய்துவிட்டேன், உங்களிடமிருந்து என்ன வேண்டும். 'சார், மூணாவது ஸ்டேஷன்ல டார்க் (திருகு இறுக்கம்) கம்மியா வருது. கடைசி இருபது பீஸ்ல நாலு ஃபெயில். நாலையும் ரெட் பின்ல (கழிவுப் பெட்டியில) போட்டுட்டேன், மீதிய செக் பண்ண தனியா வெச்சிருக்கேன். லைன நிறுத்தட்டுங்களா, இல்ல மெயின்டனன்ஸ் வர்ற வரைக்கும் நூறு சதவீதம் செக் பண்ணி ஓட்டட்டுங்களா?' இருபது விநாடிக்குள் முடிந்துவிடும். கடைசியில் ஒரு கேள்வி இருப்பதால் மேலதிகாரி திட்ட நினைத்தாலும் முதலில் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். காரணம் கேட்டால் அப்போது சொல்லலாம். ஆஸ்பத்திரி ரிசப்ஷனுக்கும் கடைக்கும் இதே வரிசை பொருந்தும்: எந்தக் கவுன்ட்டர், எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், என்ன சொல்லி வைத்திருக்கிறேன், யாரை அனுப்புகிறீர்கள்.

மாற்றுக் கருத்து சொல்வதற்கு நம் ஊரிலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. தகடூர் (இன்றைய தர்மபுரி) அதியமானுக்காகத் தூது போன ஔவையாரிடம் தொண்டைமான் தன் ஆயுதசாலையைக் காட்டினான். இவை நெய் பூசி, மாலை சூட்டிக் காவலில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் ஔவை. மிரட்டல் சொல் ஒன்றுகூட இல்லை. கண்ணால் பார்க்கக்கூடிய இரண்டு விவரங்களை அடுத்தடுத்து வைத்தார், முடிவைக் கேட்பவனிடம் விட்டார். 'உங்க பிளான் தப்பு சார்' என்பதற்குப் பதில், 'போன மாசம் இந்த மாடலுக்கு செட்டிங் மாத்த நாற்பது நிமிஷம் ஆச்சு சார், இந்த பிளான்ல இருபதுதான் இருக்கு' என்று சொல்லிப் பழகுவது இதே வழிதான்.

ஆங்கிலம் பற்றி

ஒசூர் ஷாப் ஃப்ளோரில் ஒரே நாளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி எல்லாம் காதில் விழும். ஆங்கிலம் வேண்டியது ஈமெயிலுக்கும், ஆடிட்டுக்கும், வாடிக்கையாளர் வருகைக்கும். ஆங்கிலம் வராததும் பேசத் தயங்குவதும் இரண்டு தனிச் சிக்கல்கள். வகுப்புகள் இரண்டையும் ஒன்றாகக் கட்டி விற்கின்றன. எது உங்கள் சிக்கல் என்று கண்டுபிடிப்பது சுலபம்: நேற்றைய ஷிப்டில் நடந்ததைத் தமிழில் ஒரு நிமிடம் சொல்லிப் பாருங்கள். தமிழிலேயே முன்னும் பின்னும் போனால் ஆங்கிலம் கற்றாலும் அது தீராது. முதலில் தமிழில் வரிசையாக, பிறகு ஆங்கிலத் தொழிற்சொற்களோடு கலந்து, கடைசியில் முழு ஆங்கிலத்தில் என்று ஒரே விஷயத்தை மூன்று தடவை பேசவைக்கும் ஆசிரியர் விஷயம் தெரிந்தவர்.

'தமிழ் பேசினால் பத்து ரூபாய் அபராதம்' என்று சுவரில் ஒட்டியிருக்கும் இடங்களைத் தவிர்ப்பது நல்லது. அபராதம் கட்டுவதை நிறுத்த இரண்டு வழி உண்டு: ஆங்கிலம் பேசுவது, பேசாமலே இருப்பது. தயங்குகிறவர் இரண்டாவதைத்தான் எடுப்பார். கூச்சத்தைப் போக்க வந்த இடத்தில் மௌனத்துக்குப் பரிசு கொடுக்கிறார்கள்.

பேசி முடித்ததும் ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதை உன்னிப்பாகப் பாருங்கள். 'சூப்பர், எல்லாரும் கைதட்டுங்க' என்பது பாராட்டு; அதில் கற்க ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 1924-ல் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி மன்றக் கூட்டங்களின் முறை இதில் இன்னும் மேல். ஒருவர் நேரம் பார்ப்பார். பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளம் காட்டுவார். ஒருவர் 'ஆ', 'ம்ம்' என்று இழுப்பதை எண்ணுவார். ஒருவர் இரண்டு மூன்று நிமிடத்தில் மதிப்பீடு சொல்வார். தயாரித்த பேச்சு 5 முதல் 7 நிமிடம்; திடீரென்று தலைப்புக் கொடுத்துப் பேசச் சொல்வது 1 முதல் 2 நிமிடம். ஒசூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெங்களூரில் இப்படிப்பட்ட கிளைகள் நிறைய. விருந்தினராகப் போய்ப் பார்ப்பதற்குப் பொதுவாகப் பணம் கேட்பதில்லை. ஒருமுறை பார்த்துவிட்டு வந்தால் நம்மூர் வகுப்பை எடைபோட ஒரு அளவு கிடைக்கும். குறையும் உண்டு. அங்கே வளர்வது மேடைப் பேச்சு. கோபமாக நிற்கும் சூப்பர்வைசரிடம் இருபது விநாடியில் சொல்லும் பேச்சுக்கு அது நேர்ப் பயிற்சி ஆகாது.

நல்ல வகுப்பு மதிப்பீட்டோடு நிறுத்தாது. மாற்ற வேண்டிய ஒன்றே ஒன்றைச் சொல்லி, அதே பேச்சை அங்கேயே உடனே மறுபடி பேச வைக்கும். அந்த இரண்டாவது தடவைதான் 'செய்து முடித்தேன்' என்ற கணக்கில் சேரும். நேரமில்லை என்று இதை விட்டுவிடும் வகுப்புகள்தான் அதிகம்.

படபடப்பைப் பற்றி: 'பயப்படாதீங்க' என்று சொல்லி யாருக்கும் பயம் போனதில்லை. முதல் ஒரு நிமிடம் நெஞ்சு வேகமாக அடிப்பது எல்லாருக்கும் நடப்பது. அதோடேயே பேசத் தொடங்கலாம் என்று பழக்குகிற ஆசிரியர் சரியான ஆசிரியர். முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடமாக வைப்பது, அதில் ஒரு எண் இருப்பது, எழுந்ததும் மூச்சை உள்ளே இழுப்பதைவிட மெதுவாக வெளியே விடுவது ஆகிய மூன்றும் கைகொடுக்கும். பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்தால் நடுவில் ஒரு சொல் தவறினாலே எல்லாம் கவிழும். வேலைக்குப் போவதை நினைத்தாலே தூக்கம் வராமல், மூச்சு முட்டுகிற அளவுக்கு இருந்தால் அது வகுப்பின் வேலை இல்லை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416 இலவசம், தமிழில் பேசலாம்.

காசு கொடுக்காமல் கிடைப்பவை

கிராமத்து இளைஞர்களுக்கு வங்கிகள் நடத்தும் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் தையல், செல்போன் ரிப்பேர், பால் பண்ணை என்று இலவசப் பயிற்சி உண்டு. தொழில் பாடத்தோடு தன்னம்பிக்கைக்கும் சில அமர்வுகள் வைப்பார்கள். அதில் வளையம் எறியும் விளையாட்டு ஒன்று. கம்பத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று எறிபவரே முடிவு செய்ய வேண்டும். பக்கத்திலேயே நின்று எறிபவர் எல்லாவற்றையும் போட்டுவிடுவார், எதுவும் கற்கமாட்டார். கடைக்கோடியில் நிற்பவர் தவறினால் தூரத்தின் மேல் பழி போடுவார். நடுத்தூரத்தில் நின்று, விழ விழ ஒரு அடி பின்னால் போகிறவர்தான் வளர்கிறார். இதன் பின்னால் இருப்பது அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்டின் ஆய்வுகள். அவருடைய குழு 1960-களில் ஆந்திராவின் காக்கிநாடாவில் சிறுதொழில் செய்பவர்களுக்கு இப்படிப்பட்ட பயிற்சி கொடுத்துப் பார்த்தது. விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போகாமல், 'நான் ஏன் அங்கே நின்றேன்?' என்று கடைசியில் நடக்கும் பேச்சைக் கவனித்தால் அந்த அமர்வு காசு கொடுத்த வகுப்பைவிட மதிப்பு. வேலையில் இருப்பவர் நேரம் ஒதுக்க முடியாது என்பதுதான் சிக்கல்; பல நாள் முழுநேரப் பயிற்சி அது.

வளைய விளையாட்டின் இந்த வழியை வேலையிடத்துக்கு அப்படியே கொண்டுவரலாம். முதல் வாரம் பக்கத்து ஸ்டேஷன் அண்ணனிடம் ஷிப்ட் நிலவரம். அடுத்து டீம் லீடரிடம் நாளுக்கு ஒரு கேள்வி. பிறகு காலை மீட்டிங்கில் ஒரே ஒரு எண். அதற்கப்புறம் ஒரு கைசன் யோசனையை (வேலையைக் கொஞ்சம் மேம்படுத்தும் யோசனையை) இரண்டு நிமிடம். எடுத்த எடுப்பில் பிளான்ட் ஹெட் முன்னால் பிரசன்டேஷன் கொடுக்கப் போய்த் திணறியவர் அடுத்த ஒரு வருஷம் வாய் திறக்கமாட்டார்.

மாணவர்களுக்கான தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டமான 'நான் முதல்வன்' 2022 மார்ச் 1 அன்று தொடங்கியது. கல்லூரியில் இருக்கும்போதே எடுத்துக்கொள்ள வேண்டியது. இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்லுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மையத்தின் தன்னார்வப் பயிலும் வட்டம் அரசுத் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கானது. இந்தத் தேவைக்குப் பொருந்தாது. ஐ.ஐ.டி.க்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையத்தில் மென்திறன் (சாஃப்ட் ஸ்கில்ஸ்) பாடங்களை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமானால் 1,000 ரூபாய் கட்டி, மையத்துக்குப் போய்த் தேர்வு எழுத வேண்டும். வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். பாடம் தரமானது, ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் கேட்பதால் வாய் பழகாது. சான்றிதழ் மேல் ஆசை உள்ளவர்களுக்கு, தனியார் வகுப்பு அச்சடித்துத் தரும் வண்ணத் தாளைவிட இது எவ்வளவோ மேல்.

மிச்சம் இருப்பது வாய்ஸ் ரெக்கார்டர். செய்முறை: ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அன்றைய ஒரு சம்பவத்தை எடுங்கள். தாளில் நான்கு சொல் மட்டும் எழுதுங்கள்: இடம், எண், செய்தது, வேண்டியது. 60 விநாடி டைமர் வைத்து நின்றுகொண்டே பேசிப் பதிவு செய்யுங்கள். உட்கார்ந்து பேசினால் குரல் அமுங்கும். ஒருமுறை கேளுங்கள். முதல் எண் எத்தனையாவது விநாடியில் வந்தது, 'அது வந்து', 'என்னன்னா' எத்தனை, கடைசி வாக்கியம் முடிந்ததா அல்லது தேய்ந்து போனதா என்று மூன்று மட்டும் பாருங்கள். மறுபடி பதிவு. மொத்தம் மூன்று தடவை, பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சொந்தக் குரல் கேட்கப் பிடிக்காது, எல்லாருக்கும் அப்படித்தான். நமக்கு நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் கேட்பதால், பதிவில் அது மெலிந்து வேறு யாருடையதோ போல இருக்கும். சில நாளில் பழகிவிடும். கண்ணாடி முன் பேசுவதைப் பல வகுப்புகள் சொல்லித்தருகின்றன. அதில் முகத்தைப் பார்ப்பதில் கவனம் போய்விடுகிறது, திரும்பக் கேட்கவும் முடியாது. ஃபேக்டரிக்குள் போனுக்குத் தடை இருக்கும் என்பதால் பதிவெல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். பார்ட் நம்பர், வாடிக்கையாளர் பெயர் எதையும் அதில் சொல்லாதீர்கள். அதை வாட்ஸ்ஆப்பில் பகிரவும் வேண்டாம்.

ஹாஸ்டலில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளுக்குப் போகும் பெண்களுக்கு வெளியே வகுப்புக்குப் போவது நேரத்தால் பெரும்பாலும் ஆகாது. ஒரே அறையில் நான்கு பேர் சேர்ந்தால் போதும்: ஒருத்தி பேச, ஒருத்தி டைமர், ஒருத்தி இழுவைச் சொற்களை எண்ண, நான்காமவள் மேலதிகாரி மாதிரி நடுவில் வெட்டிக் கேள்வி கேட்க. வெட்டப்பட்ட பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வதுதான் இதில் உண்மையான பயிற்சி. பெரும்பாலான கட்டண வகுப்புகளில் இது கிடையாது.

சேர்வது என்று முடிவானால் பணத்தை இரண்டு தவணையாகக் கட்டுங்கள். நிலையத்தின் பெயர், பேட்ச் நேரம், மொத்த வகுப்பு எண்ணிக்கை, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பும் என்பது ரசீதில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. என்று தனியாக வாங்கினால் பில்லில் அந்த எண் அச்சாகியிருக்க வேண்டும். 'இன்னைக்கே கட்டினா பாதி விலை' என்பது அடுத்த வாரமும் இருக்கும். சொன்னபடி வகுப்பு நடக்காமல் பணமும் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு முதலில் அழையுங்கள். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையவழியே மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. மனுவையும் அதே வரிசையில் எழுதலாம்: எங்கே, எவ்வளவு, நான் என்ன செய்தேன், என்ன வேண்டும்.